பூட்டு காம்பராவுக்கா, ஆளுக்கா?

2019 மே மாதத் தொடக்கம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. வாளோ பெரிய கத்தியோ வைத்திருப்பவர்கள் அந்த வார இறுதிக்குள் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அன்று பின்னேரம் முழுக்க அதே பேச்சுதான். சித்தப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்குப் போகிறவர். அவருடைய கத்தி முழங்கை நீளம் இருக்கும். நுனி வளைந்து, வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்து போனது. அதை வாசலில் வைத்துக்கொண்டு, "இது பெரிய கத்தியா, சின்னக் கத்தியா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் உரச் சாக்கில் சுற்றி விறகுக் கட்டுக்கு அடியில் வைத்தார். திங்கட்கிழமை பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போகும்போது வெளியே எடுத்தே ஆகவேண்டும். கத்தி இல்லாமல் போனால் அன்றைக்குப் பேர் விழாது.

அந்த ஒரு பின்னேரத்துக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. உயிரைக் குடிக்கக்கூடிய ஒரு பொருள் கெட்ட கைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அதே பொருளை வைத்துப் பிழைக்கிறவரின் கையைக் கட்டிப்போடவும் கூடாது. அணு உலையிலிருந்து ட்ரோன் வரை, பூச்சிமருந்திலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை உலகம் முழுக்க இன்று நடக்கிற வாதம் இதுதான். இதில் மலையகத்துக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நல்ல கட்டுப்பாடு எப்படி உயிர் காக்கும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம், கெட்ட கட்டுப்பாடு எப்படி ஆளை நசுக்கும் என்பதையும் அனுபவித்திருக்கிறோம்.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற ஆயுதங்களைப் பார்ப்போம். இலங்கையில் துப்பாக்கியை ஆள்கிற அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டுமென்றால் மாவட்டச் செயலகத்தில் அனுமதி எடுத்து, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சொந்தப் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். அப்படிக் கொடுத்த துப்பாக்கிகளைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி 2024 நவம்பர் 7ஐக் கடைசி நாளாக அரசாங்கம் அறிவித்ததும் உண்டு. சரி, பயிர்த் துப்பாக்கிக்கு மனுப் போடுகிறவர் பயிரிட்ட காணியைக் காட்ட வேண்டும். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டிருக்கிற தோட்டத் தொழிலாளி எந்தக் காணியைக் காட்டுவார்? இருநூறு வருடமாக உழைத்த மண்ணில் அவர் பெயருக்கு உறுதி கிடையாது. இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் காலையில் பாத்தி இருக்காது. அப்போதுதான் சுருக்குக் கம்பியும் கட்டுத்துவக்கும், கடித்தால் வெடிக்கும் ஹக்கபட்டாஸும் வருகின்றன.

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் வயர் வண்டியில் இருக்கும்வரை உதிரிப்பாகம். தேயிலை மலை ஓரத்தில் சுருக்காகக் கட்டிவிட்டால் ஆயுதம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. மிக அரிதாகவே மனிதர் கண்ணில் படுகிற விலங்கு அது. மீட்டுக் கொண்டுபோயும் மூன்றாம் நாள் செத்துப்போனது. அதற்காகக் கிளட்ச் வயரைத் தடை செய்ய முடியாது. சுருக்குக் கட்டுவதைத் தடை செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் பன்றிக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தடை மட்டும் போட்டால் சுருக்கு இன்னும் உள்ளே, இன்னும் மறைவாகப் போகும். நான் கண்ணால் பார்த்தது அது.

கட்டுத்துவக்கு கொஞ்சம் வேறு சங்கதி. குறுக்கே கட்டிய கம்பியில் எந்தக் கால் பட்டாலும் அது வெடிக்கும். பன்றியின் காலா, விறகு பொறுக்கப் போன பெண்ணின் காலா என்று அதற்குத் தெரியாது. துப்பாக்கியில் சுடுகிற விரலுக்கும் பார்க்கிற கண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கட்டுத்துவக்கில் அந்தத் தொடர்பே அறுந்துவிடுகிறது. அதனால்தான் அதற்கு அனுமதிப்பத்திரம் என்ற பேச்சே இல்லை. யாரிடம் இருந்தாலும் குற்றம். இதே நியாயத்தில்தான் ஆட்களுக்கு வைக்கும் கண்ணிவெடியை உலகம் ஒதுக்கியது, இலங்கையும் 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. மனிதர் தலையிடாமல் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்களைப் பற்றி 2014 முதல் ஜெனீவாவில் பேசி வருகிறார்கள், இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்தப் பேச்சின் மையத்தில் இருப்பதும் கட்டுத்துவக்குக் கேள்விதான்: யார் கால் பட்டது என்று பார்க்க ஒரு கண் இருக்கிறதா? இப்படிப்பட்ட பொருட்களை முழுதாகத் தடை செய்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதனால் பறிபோகிற சுதந்திரம் என்று ஒன்றை யாராலும் சொல்ல முடியாது.

தலைவலி வருவது இரண்டு பக்கமும் வெட்டும் பொருட்களில்தான். அதற்கு மருந்துக் காம்பராவுக்குத்தான், தோட்டத்தில் பூச்சிமருந்து பூட்டி வைக்கும் அறைக்குத்தான், போக வேண்டும்.

தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும். கூரைத் தகரம் வெயிலில் காய்கிற நேரம் கதவிடுக்கு வழியாக வரும், மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சிவப்புப் பட்டை போட்ட கலன்கள், சுவரில் மாட்டிய முதுகு டேங்க், மூலையில் ஒரு தராசு, மேசைமேல் கயிற்றில் கட்டிய பேனாவோடு ஒரு கணக்குப் புத்தகம். எத்தனை லீட்டர் வந்தது, எந்த மலைக்குப் போனது, யார் கையெழுத்து, மிச்சம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். சாவி கணக்குப்பிள்ளை இடுப்பில். மருந்தடிக்கப் போகிறவரிடம் நீ எந்த ஊர், என்ன சாதி, எந்தக் கட்சி என்று அந்தப் புத்தகம் கேட்பதில்லை. எடுத்த அளவும் திரும்பி வந்த அளவும் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

அந்தக் கலனுக்குள் இருந்தவற்றின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. 1936ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பயிரைத் தின்னும் பூச்சிகளுக்குப் புது மருந்து தேடிக்கொண்டிருந்தார். கையில் அகப்பட்டது டபூன் என்ற நரம்பு விஷம். அது நேராக நாஜி ராணுவத்தின் கைக்குப் போனது. 1950களில் பிரித்தானியாவில் அமிட்டோன் என்றொரு பூச்சிமருந்து சந்தைக்கு வந்தது. மனிதருக்கு மிகக் கொடியது என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து பிறந்ததுதான் விஎக்ஸ், உலகின் மிகக் கொடிய ரசாயன ஆயுதங்களில் ஒன்று. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தி ஓர் இடத்தில் நிற்க வேண்டும். இந்த விஷங்கள் அதை நிற்க விடுவதில்லை. மருந்தடித்துவிட்டுப் பின்னேரம் கண் மங்கி, வாயில் எச்சில் ஊறி, கை நடுங்கி வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அளவு வேறு, வீரியம் வேறு. உடம்புக்குள் நடப்பது அதே வேலை.

அந்த மருந்துகளைக் கட்டுப்படுத்திய கதையை இலங்கை பெருமையோடு சொல்லலாம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவாளர் அலுவலகம் உருவானது. கண்டிக்குப் பக்கத்தில், பேராதனை கெட்டம்பேயில்தான் அது இருக்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்றாக நாம் இருந்தோம். கிராமத்திலும் தோட்டத்திலும் ஒரு கோபத்தில், ஒரு நிமிடத் துயரத்தில், கைக்கெட்டிய இடத்தில் இருந்த கலன் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. மிகக் கொடிய வகை மருந்துகளை 1995லும் எண்டோசல்பானை 1998லும் நிறுத்தினார்கள். 2008 முதல் 2011க்குள் பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் மூன்றும் படிப்படியாக நின்றன. 1995க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. இந்தத் தடைகளால் சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

93,000 என்று எழுதும்போது எனக்கு எண்ணிக்கை தோன்றுவதில்லை. எங்கள் மேல் லயத்தில் ஒரு அக்கா இருந்தார். அவர் அந்த வருடங்களுக்கு முந்தியவர். தடை பத்து வருடம் முன்னதாக வந்திருந்தால் இன்று பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாவில் நின்றிருப்பார் என்று ஒவ்வொரு தேரின் போதும் நினைத்துக்கொள்வேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தடைகளுக்காக யாரையும் பிடித்து அடைக்கவில்லை. யாருடைய வீட்டையும் நள்ளிரவில் தட்டவில்லை. மனம் உடைந்தவர் யார் என்று பட்டியல் போட்டுப் பின்தொடரவும் இல்லை. எது நாட்டுக்குள் வரலாம், எது கடையில் விற்கலாம் என்ற ஒரே இடத்தில் பூட்டைப் போட்டார்கள். அந்தத் தடைகளால் விளைச்சல் விழவில்லை என்பதையும் பிறகு வந்த ஆய்வு காட்டியது. மாற்று மருந்து இருந்தது, படிப்படியாகப் போனார்கள். 2021ல் ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது அந்த நிதானம் இல்லை. சில மாதத்தில் கொழுந்து குறைந்தது, நாடு கொந்தளித்தது, அந்த நவம்பரிலேயே அரசாங்கம் பின்வாங்கியது. பொருளைக் கட்டுப்படுத்துவது சரி என்பதற்காக எப்படிச் செய்தாலும் சரி என்றாகிவிடாது.

உலக அளவில் இதே முறைதான் ரசாயன ஆயுத உடன்படிக்கை. 1997 ஏப்ரல் 29ல் நடைமுறைக்கு வந்தது, இன்று 193 நாடுகள் அதில் இருக்கின்றன. இலங்கை 2007ல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. ரசாயனங்களை மூன்று அட்டவணையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆயுதத்தைத் தவிர வேறு எதற்கும் பெரிதாக உதவாதவை முதலாவதில், தொழிற்சாலைகள் டன் கணக்கில் பயன்படுத்துபவை மூன்றாவதில். முதலாவதுக்கு இறுக்கமான பூட்டு, மூன்றாவதுக்குக் கணக்கும் பரிசோதனையும். எங்கள் மருந்துக் காம்பராவின் புத்தகத்தைப் பெரிதாக்கி உலகம் முழுக்க வைத்ததுபோல.

அணுவிலும் இதே பேரம்தான். அதை நடத்தி முடித்தவர் நம் மலைநாட்டில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான ஜயந்த தனபால 1995ல் நியூயோர்க்கில் நடந்த அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். உடன்படிக்கையைக் காலவரையறை இல்லாமல் நீடிக்க அங்கேதான் முடிவானது. மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் அணுவைப் பயன்படுத்தும் உரிமை எல்லா நாட்டுக்கும் உண்டு. பதிலுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், பரிசோதகரை உள்ளே விட வேண்டும். அதே உடன்படிக்கை, ஆயுதம் வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் ஆயுதக் களைவை நோக்கிப் பேச வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பகுதி இன்னும் காகிதத்தில் கிடக்கிறது. தொழிலாளியின் பையைச் சோதித்துவிட்டு துரையின் ஜீப்பைச் சோதிக்காமல் விட்டால் காவல் மேல் யாருக்கும் மரியாதை வராது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மற்றப் பக்கம். ஆளின் மேல் போடும் பூட்டு.

எங்களுக்கு அது பழைய பழக்கம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் தீர்ந்தது என்று 'துண்டு' வாங்க வேண்டியிருந்த காலம் 1921 வரை இருந்தது. 1948ல் குடியுரிமையே போனது. அப்புறம் 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். 1982ல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். நீதிபதி முன் விசாரணை இல்லாமல் 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022ல்தான் 12 மாதமாகக் குறைத்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் அது இடம் கொடுக்கிறது. அறைக்குள் அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்பதை, வாங்கப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

என் மாமா 1997ல் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு ஊருக்கு வரப் புறப்பட்ட இரவு அவர் பையில் இருந்தவை: பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி, ஒரு பொட்டலம் மஸ்கட், டோர்ச் லைட், தனியாக நாலு பெட்டரி, என் அம்மா ரேடியோவுக்கென்று கேட்டிருந்த ஒரு முழம் வயர். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். பெட்டரியையும் வயரையும் துணியிலிருந்து பிரித்து ஒரு பக்கம் வைத்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பதின்மூன்று நாள் கழித்து, தீபாவளி எல்லாம் முடிந்து, மாமா வந்து சேர்ந்தார். நடந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. மஸ்கட்டை அங்கேயே யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னார்.

பெட்டரியும் வயரும் வெடிகுண்டுக்குப் போகும் என்ற பயம் பொய்யில்லை. கொழும்பில் அந்த வருடங்களில் குண்டுகள் வெடித்தன, சாதாரண மக்கள் செத்தார்கள். வடக்கே பெட்டரி, உரம், சீமெந்து, பெற்றோல் எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அதே பெட்டரியை அதே கடையில் வாங்கி, வேறு பெயருள்ள அடையாள அட்டையோடு பஸ் ஏறியவர் பதினைந்து நிமிடத்தில் சாவடியைத் தாண்டியிருப்பார். சந்தேகம் பெட்டரியின் மேல் இல்லை, பெயரின் மேல். 2007 ஜூன் 7ஆம் தேதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது, பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2000 அக்டோபர் 25ல் பண்டாரவளை பிந்துனுவெவவில், அரசாங்கப் பாதுகாப்பில் இருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. கடைசியில் அதற்காக யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. சந்தேக நபர் என்ற முத்திரை குத்தியபின் ஒருவர் உயிரின் விலை எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு எங்கள் மலையிலேயே உள்ள சாட்சி அது.

2019க்குப் பிறகு அந்த முத்திரை முஸ்லிம் மக்கள் மேல் விழுந்தது. ஹசலக்கவில் ஒரு பெண் போட்டிருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் படம் இருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரைக் கைது செய்து இரண்டு வாரத்துக்கும் மேல் உள்ளே வைத்தார்கள். அதே வருடம் ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் அகப்பட்டிருந்தன. ஏப்ரல் 4ஆம் தேதியே வெளிநாட்டு உளவுத் தகவல் கையில் வந்திருந்தது. பொருளும் தெரிந்தது, தகவலும் இருந்தது. அவற்றைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் 260க்கும் மேற்பட்டோர் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்த்தது. சட்டத்துக்குப் பஞ்சம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

ஆளைப் பிடிக்கும் அவசரத்தில் பொருளை விடுவது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. 1994 ஜூனில் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரத்தில் சரின் என்ற நரம்பு விஷம் பரவியது. பொலிஸ் சந்தேகப்பட்டது அங்கே குடியிருந்த ஒரு சாதாரண மனிதரை. அவர் வீட்டில் ரசாயனங்கள் இருந்தன என்பதால் பத்திரிகைகள் அவரைக் கொலைகாரர் ஆக்கின. அவருடைய மனைவியே அந்த விஷத்தில் நினைவிழந்து கிடந்தார். 2008ல் அப்படியே இறந்தார். உண்மையில் விஷத்தைச் செய்தது ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு. போலிக் கம்பெனிகளின் பெயரில் டன் கணக்கில் ரசாயனம் வாங்கிக்கொண்டிருந்தது அது. மத அமைப்பு என்பதால் தொடத் தயங்கினார்கள். 1995 மார்ச் 20ல் டோக்கியோ சுரங்க ரயிலில் அதே விஷத்தால் 14 பேர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். யாருக்கு எவ்வளவு விற்றோம் என்ற புத்தகத்தை யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்த மனிதரின் பெயரும் கெட்டிருக்காது, அந்த ரயிலும் ஓடியிருக்கும்.

என் வாதத்துக்கு எதிராக வருகிற உண்மைகளையும் சொல்லியாக வேண்டும். 1990 ஜூனில் மட்டக்களப்பு கிரான் ராணுவ முகாமைத் தாக்கியபோது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். பக்கத்துக் காகித ஆலையிலிருந்து எடுத்த சிலிண்டர்கள் அவை. காற்று திரும்பி அவர்கள் பக்கமே அடித்தது என்றும் சொல்வார்கள். 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மேல் குண்டு போட்டவை செக் நாட்டுச் சிறு விமானங்கள், பயிற்சிக்கும் பயணத்துக்கும் செய்தவை. குளோரின் இல்லாமல் பெரும்பாலான நகரங்களுக்குக் குடிதண்ணீர் இல்லை. ரசாயன ஆயுத உடன்படிக்கையின் எந்த அட்டவணையிலும் அது கிடையாது. ஆயுதமாக்கினால் மட்டும் குற்றம். அப்படியானால் பூட்டுக்கு அப்பாலும் கண் வேண்டும், உளவுத் தகவல் வேண்டும், சில வேளை ஒரு ஆளைப் பின்தொடரவும் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. பின்தொடர்வதற்குக் காரணம் அவர் செய்த ஒரு செயலாக இருக்கட்டும், அந்தக் காரணத்தை ஒரு நீதிபதி பார்க்கட்டும், குறித்த நாளில் அது முடியட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது வந்திருக்கிற தொழில்நுட்பத்தில் பூட்டுப் போடுவதற்குக் காம்பராவே இல்லையே என்பார்கள். 2013ல் அமெரிக்காவில் முப்பரிமாண அச்சில் செய்யும் கைத்துப்பாக்கியின் வரைபடத்தை ஒருவர் இணையத்தில் போட்டார். அரசாங்கம் எடுக்கச் சொல்வதற்குள் இரண்டே நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை அது இறங்கிவிட்டது. 2022 ஜூலை 8ல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கைவேலைத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார், அதுவும் உலகிலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டம் உள்ள நாடுகளில் ஒன்றில். கைவேலைத் துப்பாக்கி நமக்கும் புதிதில்லை. 'கல்கட்டஸ்' பிடிபட்ட செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரும்.

அறிவைப் பூட்டி வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவு மட்டும் யாரையும் கொல்வதும் இல்லை. 2022ல் வெளியான ஓர் ஆய்வில், புது மருந்து தேடும் கணினி நிரலை விஷத்தைத் தவிர்ப்பதற்குப் பதிலாக விஷத்தையே தேடும்படி திருப்பிவிட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் சுமார் 40,000 மூலக்கூறுகளைக் கொட்டியது. விஎக்ஸும் அதில் இருந்தது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் திரையில் இருக்கும் பெயர் கலனுக்குள் வர மூலப்பொருள் வேண்டும், அதை யாரோ விற்க வேண்டும். பூட்டும் புத்தகமும் அங்கே இருக்கலாம். உயிரியலிலும் அப்படித்தான். பெரியம்மை வைரஸின் உறவான, அழிந்துபோன குதிரை அம்மை வைரஸை, தபாலில் வரவழைத்த மரபணுத் துண்டுகளைக் கொண்டு கனடாவில் மீண்டும் உருவாக்கினார்கள். அந்த ஆய்வு 2018ல் வெளியானது. மரபணுத் துண்டு செய்து விற்கும் கம்பெனிகள் பல 2009 முதல் கூட்டாகச் சேர்ந்து, வருகிற ஓர்டர்களையும் கேட்கிறவர்களையும் சரிபார்க்கின்றன. இது அவர்களாகச் செய்வது. எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மாணவி வைரஸ் பற்றிப் படித்தாள் என்பதற்காக அவள் பெயரைக் குறித்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆபத்தான துண்டை ஓர்டர் செய்கிறவர் யார், எந்த ஆய்வுகூடம் என்று கேட்பதைக் கட்டாயம் ஏற்பேன்.

ட்ரோனில் இந்த வித்தியாசத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். 2019 ஏப்ரலில் எல்லா ட்ரோனையும் நிறுத்தினார்கள். அந்த வாரத்தில் அது நியாயம். இன்று பதிவு, அனுமதி, பறக்கக் கூடாத இடங்கள் என்று விதி இருக்கிறது. எங்கள் டவுனில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பி அந்தக் காகிதங்களை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே வைத்திருக்கிறார். அலைச்சல்தான் என்கிறார். ஆனால் அந்தப் பதிவில் இருப்பது கருவியின் இலக்கம், அவருடைய பெயர், பறக்கும் இடம். இன்னொரு பெயர் உள்ளவரும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார். இணையத்தில் எழுதுவதை ஆளும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் எனக்கு அந்த நிம்மதி இல்லை. எது பொய், எது ஆபத்தான பேச்சு என்று ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கலாம் என்கிறது அது. கருவியை விட்டு வாயைப் பூட்டுகிற வழி அது, எங்கே போய் முடியும் என்று துண்டுக் காலத்திலிருந்து வந்தவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018லும் 2023லும் வேறு மசோதாக்கள் வந்தன. இனியும் வரும். மலையக அரசியல்வாதிகள் மேடையில் சம்பளத்தையும் வீட்டையும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். இந்த மசோதாக்களின் பக்கங்களையும் புரட்ட வேண்டும். எந்தப் பொருளைக் கட்டுப்படுத்துகிறது, எத்தனை நாளைக்கு, மறுக்கப்பட்டவர் எங்கே போய்க் கேட்கலாம், தவறாகப் பிடித்தால் யார் பொறுப்பு என்று வரிவரியாகக் கேட்க வேண்டும். கொழும்பில் கூடி விவாதிக்கிறவர்களின் பையை யாரும் கொட்டிப் பார்த்ததில்லை.

மாமாவுக்கு இப்போது எழுபது வயது. கண் ஒப்பரேஷனுக்குப் போன மாதம் கொழும்புக்குப் போனார். விடிய மூன்று மணிக்கு பஸ், ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் லைட் கிடையாது. டோர்ச் அடித்துக்கொண்டு கீழே வந்தார். பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்ததும் டோர்ச்சின் மூடியைத் திருகி இரண்டு பெட்டரியையும் வெளியே எடுத்து என் கையில் வைத்தார். "வீட்ல வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வெறும் டோர்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார்.